மறைந்தவர்களை நினைப்பது: புகழா, கடனா?

நம்முடைய முஹல்லாக்களில் வயது முதிர்ந்த ஒருவர் மௌத்தாகிவிட்டால், மையித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, ஜனாஸா தொழுது அடக்கம் செய்கிறோம். மூன்றாம் நாள் யாஸீன் ஓதுகிறோம். நாற்பதாம் நாள் கத்தம் ஓதுகிறோம். ஆண்டு திரும்பினால் உற்றார் உறவினரை அழைத்துச் சோறு போடுகிறோம். அந்தச் சபையில் ஓர் ஆலிம் எழுந்து, மறைந்தவரின் நற்குணங்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார். கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். பிறகு துஆ ஓதிக் கலைந்து விடுகிறோம்.

இத்துடன் மறைந்தவரை நினைவுகூரும் கடமை முடிந்து விடுகிறதா? இந்தக் கேள்வியை நான் வேறு யாரையும் நோக்கிக் கேட்கவில்லை. அப்படியொரு சபையில் எழுந்து பேசிய ஆலிம் நானே. ஆகையால் முதலில் என்னைத்தான் கேட்டுக் கொள்கிறேன்.

அன்று நான் பேசியது என் கொள்ளுப்பாட்டியாரைப் பற்றி. என் தந்தையின் தந்தையைப் பெற்ற தாயார் அவர்கள். வீட்டில் சிறியவர்கள் எல்லோருக்கும் அவர்கள் ‘பெரிய நன்னி’.

பழனிக்கு ரயில் வந்த வருடம்

பெரிய நன்னி பிறந்த தேதியை எழுதி வைத்தவர் எவருமில்லை. “பழனிக்கு ரயில் வந்த வருசம் எனக்குப் பத்து வயசு” என்று கூறுவார்கள். திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1928-ஆம் ஆண்டில். அந்தக் கணக்கின்படி 1918 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு மௌத்தானபோது வயது 93.

அவர்கள் பள்ளிக்கூடம் சென்றதில்லை. சிறு வயதில், தெருப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்த ஓர் அம்மாளிடம் அம்ம ஜுஸ்வும் யாஸீனும் அரபுத் தமிழும் ஓதினார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய கல்வி. ஆனால் அந்தக் கல்வியை எண்பது ஆண்டுக் காலம் ஒரு நாளும் விடாமல் கையாண்டார்கள். ஸுப்ஹு தொழுகைக்குப் பின் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அவர்கள் ஓதும் குரலைக் கேட்டுத்தான் நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் விழிப்போம்.

முஹல்லாவில் ஒரு பெண் மௌத்தானால் குளிப்பாட்டுவதற்குப் பெரிய நன்னியைத்தான் அழைப்பார்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய நீர், கற்பூரம், கபன் துணி எல்லாவற்றையும் தாமே பார்த்துக் கொள்வார்கள். அதற்காக ஒரு காசும் வாங்கியதில்லை. குளிப்பாட்டிய எந்த உடலைப் பற்றியும் வெளியே ஒரு வார்த்தை சொன்னதுமில்லை.

எங்கள் வீடு திண்டுக்கல் சாலையின் ஓரத்தில் இருக்கிறது. தை மாதம் பிறந்தால், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி வழியாகப் பாதயாத்திரைக்காரர்கள் பகலும் இரவுமாக மலைக்கோயிலை நோக்கி நடந்து வருவார்கள். பெரிய நன்னி திண்ணையில் இரண்டு மண்பானை நிறையத் தண்ணீர் வைத்து, பக்கத்தில் ஒரு கூடைக் கொய்யாப் பழமும் வைத்திருப்பார்கள். “அவர்கள் வேறு மார்க்கத்துக்காரர்கள் ஆயிற்றே” என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னபோது, “நாக்கு வறண்டு வர்றவங்ககிட்டே பேரு கேட்டுக்கிட்டா தண்ணி குடுக்கிறது?” என்று கேட்டார்கள். தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்கு நீர் புகட்டிய மனிதருக்கு அல்லாஹ் மன்னிப்பளித்தான் என்ற ஹதீஸை நான் மத்ரஸாவில் படித்தது பின்னால்தான். பெரிய நன்னி அதைப் படிக்காமலே நடந்து காட்டினார்கள்.

சபையில் பேசியதும் சபைக்குப் பின் கேட்டதும்

2012-ஆம் ஆண்டு, அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைந்தபோது வீட்டில் கத்தம் ஓதினோம். நான் ஆலிம் ஸனது பெற்று இரண்டாண்டு ஆகியிருந்தது. வெளியூரில் இமாமாக இருந்தேன். குடும்பத்தின் முதல் ஆலிம் என்பதால் என்னையே பேசச் சொன்னார்கள்.

நான் இரண்டு விஷயங்களை முக்கியமாக எடுத்துச் சொன்னேன். ஒன்று, ஸுப்ஹு வேளையில் அவர்கள் குர்ஆன் ஓதிய அந்தக் குரல். மற்றொன்று, அவர்களுடைய பொறுமை. 1970-இல் கணவரை இழந்து 41 ஆண்டு விதவையாக வாழ்ந்தும், எந்தப் பிள்ளையிடமும் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்காத தாய் அவர்கள் என்று கூறினேன். சபையில் பலர் கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள்.

எல்லோரும் சென்ற பிறகு, பெரிய நன்னியின் இளைய மகளார், என் பாட்டனாரின் தங்கை, என்னைத் தனியே கூப்பிட்டார்கள். நாங்கள் அவர்களைச் ‘சின்ன நன்னி’ என்போம்.

“அம்மாவைப் பத்தி நல்லாத்தான் சொன்னீங்க தம்பி. கேட்க ஆசையா இருந்துச்சு. ஆனா கடைசி ஒரு வருசம் அவுங்க சத்தம் போட்டு ஓதலியே, அது ஏன்னு சொல்லலியே?” என்று கேட்டார்கள்.

அவர்கள் என்மீது கோபப்படவில்லை. அமைதியாகத்தான் கேட்டார்கள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏனெனில் காரணம் நான்தான்.

எழுத்துப் பிழையும் நெஞ்சுப் பிழையும்

ஸனது வாங்கிக் கொண்டு 2010-இல் வீட்டுக்கு வந்த புதிது. காலையில் பெரிய நன்னி ஓதிக் கொண்டிருந்தார்கள். ஏழாண்டு தஜ்வீது படித்த காதுக்கு அந்த ஓதல் பிழையாகப் பட்டது. ‘ஐன்’ என்ற எழுத்து ‘அலிபாக’ வந்தது. ‘ளாது’ ‘லாமாக’ வந்தது. ஸூரத்துல் பாத்திஹாவிலேயே நான்கைந்து இடங்களில் நிறுத்தித் திருத்தினேன். அவர்களுக்கு நாக்கு வளையவில்லை. பல் இல்லாத வாய். வயதோ 92. நான் பொறுமையிழந்து, “நன்னி, இப்படி ஓதினால் அர்த்தமே மாறிப் போகும். இப்படி ஓதுவதைவிட ஓதாமல் இருப்பது மேல்” என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, “அப்போ இத்தனை வருசம் நான் தொழுத தொழுகை என்ன ஆகும் ஹஜரத்து?” என்று கேட்டார்கள். அதுவரை என்னைத் ‘தம்பி’ என்றுதான் அழைத்து வந்தவர்கள், அன்று ‘ஹஜரத்து’ என்றார்கள். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். மறுநாள் முதல் அவர்கள் உதடு மட்டும் அசைந்தது. குரல் வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாமலில்லை. குர்ஆனைத் தேர்ச்சியோடு ஓதுபவர் கண்ணியமிக்க மலக்குகளுடன் இருப்பார், திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை நான் பாடமாகப் படித்திருக்கிறேன். ஒலியில் நெருங்கிய எழுத்துகளைப் பிரித்துச் சொல்ல முடியாத பாமரர்களின் தொழுகை முறிந்துவிடாது என்று நமது ஹனபி மத்ஹபின் பிற்கால இமாம்களில் பலர் தீர்ப்பளித்திருப்பதையும் படித்திருக்கிறேன். அதைச் சொல்லியிருந்தால் அந்த மூதாட்டியின் மனம் குளிர்ந்திருக்கும். கிதாபில் இருந்த பதில் என் நாவுக்கு வரவில்லை. திருத்தத் தெரிந்த எனக்குத் தேற்றத் தெரியவில்லை.

இன்னொன்றையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவர்கள் நாக்கு வளையாமற் போனது யார் குற்றம்? நமது முஹல்லாக்களில் ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளிவாசலில் உஸ்தாது வைத்தோம், மத்ரஸாவுக்கு அனுப்பினோம். பெண் பிள்ளைகளுக்குத் தெருவில் ஓர் அம்மாள் ஓதிக் கொடுத்தால் போதும் என்று விட்டுவிட்டோம். மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா என்ற அம்மையார் ஸஹீஹுல் புகாரியை அறிவிப்பதில் பெயர் பெற்று விளங்கினார்கள். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர்களிடம், கதீபுல் பக்தாதி போன்ற மாபெரும் ஆலிம்கள் சென்று ஓதினார்கள். ஒரு பெண்ணிடம் ஆண்கள் மண்டியிட்டுக் கல்வி கற்ற மார்க்கம் இது. கற்றுக் கொடுக்க வேண்டிய வயதில் கற்றுக் கொடுக்காமல் விட்டுவிட்டு, 92 வயதில் பிழை பிடிப்பது எந்த வகையில் நியாயம்?

எழுத்துப் பிழை அவர்கள் நாவில் இருந்தது. அதைவிடப் பெரிய பிழை என் நெஞ்சில் இருந்தது.

புகழ் ஒரு சாட்சியம்

இங்கே ஒருவர் கேட்கலாம்: “மறைந்தவர்களின் நல்லவற்றைச் சொல்லும்படியும் தீயவற்றைச் சொல்லாமல் விடும்படியும்தானே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள்? நீர் சபையில் நல்லதைச் சொன்னதில் என்ன தவறு?”

நல்லதைச் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தப் புகழ் எத்தகையது என்பதைப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒரு ஜனாஸா சென்றபோது மக்கள் அதனைப் புகழ்ந்தார்கள். மற்றொரு ஜனாஸா சென்றபோது இகழ்ந்தார்கள். இரண்டுக்கும் பெருமானார் (ஸல்) அவர்கள் ‘உறுதியாகிவிட்டது’ என்ற கருத்தில் கூறினார்கள். முன்னவருக்குச் சுவர்க்கமும் பின்னவருக்கு நரகமும் உறுதியாயின என்று விளக்கிவிட்டு, பூமியில் நீங்கள் அல்லாஹ்வின் சாட்சிகள் என்ற பொருளில் முடித்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது. ஆகவே மையித்தைப் புகழ்வது பொழுதுபோக்குப் பேச்சன்று. அது சாட்சியம்.

சாட்சியத்துக்குத் திருமறை விதிக்கும் நிபந்தனை என்ன? உங்களுக்கே பாதகமாக இருந்தாலும், பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் அல்லாஹ்வுக்காக நீதியை நிலைநாட்டும் சாட்சிகளாக இருங்கள் என்ற கருத்தில் ஸூரத்துன்னிஸாவின் 135-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. மறைந்தவரின் குறையை மூடி வைப்பது நம் கடமை. மறைந்தவருக்கு நாம் செய்த குறையைப் புகழ்மொழியால் மூடி வைப்பதோ வேறு விஷயம். முன்னது அவரைப் பாதுகாக்கிறது. பின்னது நம்மைப் பாதுகாக்கிறது. நான் சபையில் அவர்கள் குரலைப் புகழ்ந்தேன். அந்தக் குரலை அடக்கியவன் யார் என்பதைச் சொல்லவில்லை. என் சாட்சியம் பாதிச் சாட்சியம்.

நாற்பத்தெட்டில் ஆறு

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முதல் புகழில் இப்படி ஒரு குற்றம் ஒளிந்திருந்ததென்றால், இரண்டாவது புகழில் என்ன இருக்கிறது? ‘எதையும் கேட்காத தாய்’ என்று சொன்னேனே, கேட்பதற்கு அவர்களுக்கு ஏதேனும் இருந்ததா?

வாரிசுரிமைச் சட்டமாகிய பராயிளுக்கு நாங்கள் ஓதிய கிதாபு ‘ஸிராஜிய்யா’. அதில் பயிற்சிக்காக எத்தனையோ கணக்குகள் போட்டிருக்கிறேன். அன்றிரவு ஒரு கணக்கைப் புதிதாகப் போட்டேன். மையித்து: என் கொள்ளுப்பாட்டனார். வாரிசுகள்: மனைவி, இரண்டு ஆண் மக்கள், இரண்டு பெண் மக்கள். சொத்து: ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பு 4 ஏக்கர் 80 சென்ட்.

பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. மொத்தத்தை 48 பாகமாக்கினால் மனைவிக்கு 6, ஆண் மக்களுக்குத் தலா 14, பெண் மக்களுக்குத் தலா 7. சென்டுக் கணக்கில், பெரிய நன்னிக்கு 60 சென்ட். ஆண் மக்களுக்குத் தலா 140. பெண் மக்களுக்குத் தலா 70.

ஆனால் 1970-இல் நடந்தது என்ன? ஆண் மக்கள் இருவரும் ஆளுக்கு 240 சென்டாகப் பிரித்துக் கொண்டார்கள். பெண் மக்களுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாயிற்று என்று சொன்னார்கள். தாய்க்கோ, “அவுங்களை நாங்கதானே வெச்சுக் காப்பாத்தப் போறோம்” என்று சொன்னார்கள். பிள்ளைகள் அவர்களை அன்போடுதான் வைத்துக் கொண்டார்கள். அதில் ஐயமில்லை. ஆயினும் தாய்க்குச் சோறு போடுவது மகனின் கடமை. தாயின் பங்கை எடுத்துக் கொண்டு அதிலிருந்து சோறு போட்டுவிட்டு, அதை மகனின் தர்மமாகக் கணக்கெழுத முடியுமா?

அந்தத் தோப்பின் வருமானத்தில்தான் என்னை மத்ரஸாவில் சேர்த்தார்கள். அந்த ஸிராஜிய்யா கிதாபையும் அந்தக் காசில்தான் வாங்கினேன். நான் வகுப்பில் யார் யாருக்கோ பங்கு பிரித்துக் கொண்டிருந்தேன். என் வீட்டுக் கட்டிலில் எட்டில் ஒன்றுக்குரியவர்கள் உட்கார்ந்து எனக்காக துஆ செய்து கொண்டிருந்தார்கள்.

“அவுங்க கேட்டாங்களா? நீ என்ன புதுசாக் கேக்குறே?” என்றார் என் பாட்டனார், நான் இதை எடுத்துச் சொன்னபோது. ஊரில் எல்லோரும் சொல்வதும் இதுதான்: கேட்கவில்லை, ஆகவே விட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஷரீஅத் அப்படிச் சொல்லவில்லை. வாயைத் திறக்காதவர் பேரில் ஒரு சொல்லைச் சாட்டக் கூடாது என்பது பிக்ஹு அறிஞர்களின் விதி. அதுவுமன்றி, வாரிசுப் பங்கு என்பது மையித்தின் மௌத்தோடு தானாகவே உரியவருக்குச் சொந்தமாகிவிடுவது. வேண்டாம் என்று மௌனமாக இருந்து அதை இல்லாமல் ஆக்க முடியாது. தம் பங்கைக் கையில் பெற்று, தெளிவாக அன்பளிப்புச் செய்தால்தான் பிறருக்கு ஆகும். கேட்டால் பிள்ளைகள் மனம் கோணுமே, அண்ணன் தம்பி வீட்டு வாசல் மூடிக் கொள்ளுமே என்று அஞ்சி வாய் மூடியிருக்கும் பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக் கொள்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

உஹது யுத்தத்தில் ஷஹீதான ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவியார், தம் இரண்டு பெண் மக்களையும் அழைத்துக் கொண்டு பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். இவர்களின் தகப்பனார் ஷஹீதாகிவிட்டார், சொத்து முழுவதையும் சிற்றப்பா எடுத்துக் கொண்டார், இவர்களுக்கு ஒன்றுமில்லை என்று முறையிட்டார்கள். பாகப்பிரிவினை வசனம் இறங்கியது. நபியவர்கள் அந்தச் சிற்றப்பாவை அழைத்து, பெண் மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டும், அவர்கள் தாயாருக்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக் கொள்ளும்படி உத்தரவிட்டார்கள்.

அந்த விதவை கேட்டார்கள். அவரைப் பொறுமையற்றவர் என்று யாரும் ஏசவில்லை. அவர் கேட்டதற்குப் பதிலாக வானத்திலிருந்து வசனம் இறங்கியது. நாமோ கேட்காதிருப்பதைப் பெண்ணின் சிறப்பாகப் பாடுகிறோம். அவர்கள் கேட்காமலிருப்பதில் நமக்கு இலாபம் இருப்பதால்தான் அந்தச் சிறப்பு நமக்கு அவ்வளவு இனிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை.

பெயர் நிலைப்பதும் நினைவு நிலைப்பதும்

மறைந்தவரின் பெயர் நிலைத்து விட்டால் அதுவே நினைவு என்று நாம் எண்ணுகிறோம். எங்கள் மாவட்டத் தலைநகராகிய திண்டுக்கல்லில் பேகம்பூர் என்ற பகுதி இருக்கிறது. 1755-இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அவர்கள் அங்குள்ள பெரிய பள்ளிவாசலில் அடங்கியிருக்கிறார்கள். அவர்கள் பெயரால்தான் அந்தப் பகுதிக்கு அப்பெயர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வாயில் அந்தப் பெயர் வருகிறது. ஆனால் பேருந்தில் “பேகம்பூர் ஒரு டிக்கெட்” என்று கேட்பவர் எவரும் அந்த அம்மையாருக்காக ஒரு பாத்திஹா ஓதிக் கொண்டா கேட்கிறார்? பெயர் ஊரில் நிற்கிறது. நினைவு வேறு.

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் கதீஜா (ரலி) அவர்களை நினைத்த முறையைப் பாருங்கள். ஆடு அறுத்தால் அதன் இறைச்சியைக் கதீஜா நாயகியின் தோழிகளுக்கு அனுப்பி வைப்பார்கள். கதீஜா நாயகியின் சகோதரி ஹாலா (ரலி) வாசலில் அனுமதி கேட்ட குரலில் அந்தப் பழைய குரலின் சாயலைக் கேட்டு நெகிழ்ந்து போவார்கள். அன்பு இருந்தது, அந்த அன்பு பிறருக்குப் போய்ச் சேரும் செயலாகவும் இருந்தது. அதேபோல், ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்கள் தம் தாயாருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்டபோது, தண்ணீர் என்று நபியவர்கள் பதிலளித்தார்கள். அவர் ஒரு கிணறு வெட்டி, ‘இது உம்மு ஸஃதுக்காக’ என்று விட்டார். தாயைப் பற்றி அவர் கட்டுரை எழுதவில்லை. தாகித்தவர்கள் குடித்தார்கள், தாய்க்கு நன்மை சேர்ந்தது.

இன்னொரு பெண்மணி மஸ்ஜிதுன் நபவியைக் கூட்டிப் பெருக்கி வந்தவர். இரவில் இறந்து போக, பெருமானாருக்குத் தெரிவிக்காமலே அடக்கிவிட்டார்கள். சிலநாள் காணாமல் விசாரித்து அறிந்த நபியவர்கள், எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டு, அந்தக் கப்றைக் காட்டச் சொல்லி அங்கே சென்று தொழுதார்கள். அவர் இல்லாததைக் கவனித்தார்கள், விசாரித்தார்கள், விட்டுப் போன கடமையை நிறைவேற்றினார்கள். நினைவுகூர்தல் என்பதன் முழுப் பொருளும் இந்த மூன்று செயல்களில் அடங்கியிருக்கிறது.

பிறகு நடந்தது

என் பாட்டனார் 2016-இல் மௌத்தானார்கள். அவர்கள் நல்லவர்கள். தாய்மீது உயிரையே வைத்திருந்தவர்கள். ஊர் வழக்கம் அவர்கள் கண்ணை மறைத்திருந்தது. கடன் வைத்து இறந்த ஒருவரின் ஜனாஸாவைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல் நின்று, அந்தக் கடனுக்கு அபூகதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்தார்கள் என்ற செய்தியை என் அத்தாவிடம் கூறினேன். “இதைக் கிளறினால் ராதாவுக்கு அவமானம் என்று நினைக்காதீர்கள் அத்தா. தீர்த்து வைத்தால்தான் அவர்களுக்கு நிம்மதி” என்றேன்.

பெரிய நன்னியின் 60 சென்ட் அவர்கள் மௌத்துக்குப் பின் நான்கு மக்களுக்கும் போய்விட்டது. ஆண் மக்களுக்குத் தலா 20, பெண் மக்களுக்குத் தலா 10. ஆக, ஒவ்வொரு மகனிடமும் இருக்க வேண்டியது 160 சென்ட். இருந்தது 240. எங்கள் பக்கம் திருப்பிக் கொடுக்க வேண்டியது 80 சென்ட். 2017-இல் அத்தாவும் அவருடைய உடன்பிறந்தவர்களும் மனமொப்பி, பாதியைச் சின்ன நன்னிக்கும், பாதியை மறைந்துவிட்ட பெரிய மகளாரின் வாரிசுகளுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை ஆண்டு விளைச்சல் கணக்கைப் பற்றிக் கேட்டபோது இரு பக்கத்தாரும், “அதை விட்டுக் கொடுத்தோம்” என்று வாய் திறந்து சொன்னார்கள். விட்டுக் கொடுப்பது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: உரிமை கையில் வந்த பிறகு, அச்சமில்லாமல், தம் வாயால்.

பத்திரம் கையில் வந்த அன்று சின்ன நன்னி, “நாப்பது சென்ட்லே நான் என்னத்தைப் பண்ணப் போறேன் தம்பி? அத்தா கணக்குலே என் பேரும் இருக்குன்னு இப்பத்தான் தெரியுது” என்று சொல்லி அழுதார்கள்.

மற்றொரு பக்கத்தில் இன்னும் தீரவில்லை. அங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்கள் நெஞ்சைத் திறப்பானாக.

நிலத்தின் கணக்கை ஓரளவு தீர்த்தோம். என் நாவினால் செய்த கணக்கு? ஒருவருக்கு அநியாயம் செய்தவர், தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருமுன் இன்றே அவரிடம் தீர்த்துக் கொள்ளட்டும் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. நான் தீர்த்துக் கொள்ளவில்லை. அவர்கள் மௌத்தாகும் வரை எனக்கு ஓராண்டு இருந்தது. விடுமுறையில் வந்து போனேன். கால் பிடித்து விட்டேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. மன்னிக்க வேண்டியவர் கப்றுக்குள் சென்றுவிட்ட பின், அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடுவதும், அவர் பேரால் தர்மம் செய்வதும், எந்த வழியில் நோகடித்தோமோ அந்த வழியிலேயே நன்மை செய்வதும் தவிர வேறு வழியில்லை.

இப்போது அஸருக்குப் பின் எங்கள் முஹல்லாவில் வயது முதிர்ந்த பெண்களுக்கு ஓதிக் கொடுக்கிறோம். என் மனைவி உட்கார்ந்து கேட்பாள். சந்தேகம் வந்தால் திரைக்கு அப்பாலிருந்து நான் சொல்வேன். முதல் நாள் பாடம் அலிபு, பே அல்ல. சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற அந்த ஹதீஸ்தான் முதல் பாடம். அதைக் கேட்டதும் எழுபது வயது மூதாட்டிகளின் குரல் உயர்வதைக் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, வேதனையாகவும் இருக்கிறது. தை மாதத்தில் திண்ணையில் பானையும் வைக்கிறோம்.

அன்புச் சகோதரர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பெரிய நன்னி இருந்திருப்பார்கள். அவர்களுக்காக ஓதுங்கள், உணவளியுங்கள், புகழுங்கள். ஆனால் கத்தம் ஓத உட்காருமுன் ஒரு காகிதத்தை எடுத்து, அவர்களுக்குச் சேர வேண்டிய பங்கு சேர்ந்ததா, அவர்களுடைய பெண் மக்களுக்குச் சேர்ந்ததா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘எதையும் கேட்காதவர்’ என்று புகழும்போது, கேட்க வேண்டியதை யார் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். இன்னும் உயிரோடிருக்கும் மூதாட்டி உங்கள் வீட்டிலிருந்தால் நீங்கள் என்னைவிடப் பாக்கியசாலிகள். இன்றைக்கே அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். கேட்க வேண்டிய மன்னிப்பை நேரில் கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்களுக்கு முன் சென்றவர்களை மன்னிப்பாயாக! அவர்களுக்கு நாங்கள் செய்த குறைகளை எங்களுக்கு உணர்த்துவாயாக! அவற்றைத் தீர்க்கும் வழியையும் மனத்தையும் தருவாயாக! பல்லில்லாத வாயால் உன் வேதத்தை எண்பது ஆண்டு ஓதிய அந்த மூதாட்டிக்கு, ஓதிய ஒவ்வோர் எழுத்துக்கும் இரட்டைக் கூலி வழங்குவாயாக! ஆமீன்.